அறிவிக்க வேண்டியதும் மறைக்க வேண்டியதும்

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் கண்மணி நாயகம் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

 

திருப்பூரிலும், அவினாசி, பல்லடம், காங்கயம் என்று சுற்றியுள்ள ஊர்களிலும் நம் வீடுகளில் கல்யாணப் பேச்சு எழுந்தால் முன்பெல்லாம் நான்கு கேள்விகள் கேட்பார்கள். மாப்பிள்ளை தொழுகையாளியா? பெண்ணுக்கு ஓதத் தெரியுமா? மஹர் எவ்வளவு? நிக்காஹ் எந்தப் பள்ளிவாசலில்? இன்று வசதி படைத்த சில குடும்பங்களில் ஐந்தாவதாக ஒரு கேள்வி சேர்ந்திருக்கிறது. கல்யாணம் எந்த நாட்டில்?

இதற்கு "டெஸ்டினேஷன் வெட்டிங்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெண் ஊரும் அல்லாத, மாப்பிள்ளை ஊரும் அல்லாத, அழகான ஓரிடத்தைத் தேடிப் போய்க் கல்யாணம் முடிப்பது. 2017 டிசம்பரில் கிரிக்கெட் வீரர் விராட் கோலியின் திருமணம் இத்தாலியின் டஸ்கனியில் நடந்தது. மறு ஆண்டு நவம்பரில் இந்தி நடிகை தீபிகா படுகோனின் திருமணம் அதே நாட்டின் கோமோ ஏரிக்கரையில் நடந்தது. நம் பக்கத்தில் நடிகை நயன்தாராவின் திருமணம் 2022 ஜூனில் மாமல்லபுரத்தில் நடந்து, 2024 நவம்பரில் நெட்பிளிக்ஸில் படமாகவே வெளிவந்தது. நட்சத்திரங்கள் செய்ததை இப்போது நடுத்தரக் குடும்பங்களும் செய்ய ஆசைப்படுகின்றன.

பனியன் ஏற்றுமதியால் ஐரோப்பா நமக்குத் தூரத்து நாடாகத் தெரிவதில்லை. பிள்ளைகள் டப்ளினில் படிக்கிறார்கள். அங்கேயே வேலையும் பார்க்கிறார்கள். ஆகவே அயர்லாந்தில் ஒரு பழைய கோட்டையை வாடகைக்குப் பிடித்து அங்கே நிக்காஹ், அதன் பிறகு ஒரு வாரம் மேற்குக் கடற்கரை நெடுகக் காரில் பயணம், கூடவே ஒரு போட்டோகிராபர், மோஹர் பாறைகளிலும் கானமாரா ஏரிகளிலும் நூற்றுக்கணக்கில் படங்கள் என்று இளைஞர்கள் திட்டம் போடுகிறார்கள். "இது கூடுமா, கூடாதா?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். ஒரே சொல்லில் பதில் சொல்லி முடிக்கக்கூடிய விஷயமல்ல இது. கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

பிரயாணத்தில் நிக்காஹ்

பிரயாணத்தில் நிக்காஹ் முடிப்பது பாவம் என்று யாரும் சொல்ல முடியாது. ஹிஜ்ரி 7ஆம் ஆண்டில் கைபரிலிருந்து மதீனா திரும்பும் வழியில்தான் நாயகம் (ஸல்) அவர்கள் அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்களுடன் இல்வாழ்வைத் தொடங்கினார்கள். வழியில் மூன்று நாட்கள் தங்கினார்கள். வலீமா விருந்தில் ரொட்டியும் இல்லை, இறைச்சியும் இல்லை. தோல் விரிப்புகளை விரித்து, அதன் மீது பேரீச்சம்பழம், காய்ந்த தயிர்க்கட்டி, நெய் ஆகியவற்றைப் போட்டார்கள். கூட இருந்த அனைவரும் சாப்பிட்டார்கள். விருந்து முடிந்தது!

அதே ஆண்டில் உம்ராவுக்காக மக்கா சென்றபோது அன்னை மைமூனா (ரலி) அவர்களை மணம் முடித்தார்கள். அப்போது நாயகம் (ஸல்) அவர்கள் என்ன விரும்பினார்கள் தெரியுமா? மக்காவிலேயே விருந்து சமைத்து, அதுவரை பகைவராக இருந்த அவ்வூர் மக்களையும் அதற்கு அழைக்க விரும்பினார்கள். குறைஷிகள் இணங்கவில்லை, மூன்று நாள் தவணை முடிந்தது, புறப்படுங்கள் என்றார்கள். ஆகவே மக்காவுக்கு வெளியே ஸரிஃப் என்ற இடத்தில் தங்கி இல்வாழ்வைத் தொடங்கினார்கள்.

இந்த இரு சம்பவங்களையும் ஊன்றிப் பாருங்கள். கல்யாணத்துக்காகப் பிரயாணம் போகவில்லை. போன பிரயாணத்தில் கல்யாணம் நடந்தது. மக்களை விட்டு விலகி விருந்து வைக்கவில்லை. பகைவரையும் சேர்த்து விருந்து வைக்க நாடினார்கள். பிரச்சினை இடத்தில் இல்லை. அந்த இடத்துக்கு யாரை அழைத்துப் போகிறோம், யாரை விட்டுவிட்டுப் போகிறோம் என்பதில்தான் இருக்கிறது.

நிக்காஹ் என்பது அறிவிப்பு

நிக்காஹைப் பகிரங்கப்படுத்துங்கள் என்பது மார்க்கத்தின் கட்டளை. சாட்சிகள் எதற்கு? வலீமா எதற்கு? இந்த ஆணும் இந்தப் பெண்ணும் இன்று முதல் கணவன் மனைவி என்பது அவர்கள் வாழும் தெருவுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே. நாளை இந்தக் குடும்பத்தில் சச்சரவு வந்தால் சமாதானம் பேச வருவது யார்? ஐரிஷ் கோட்டையின் மேலாளரா வருவார்? நம் ஜமாஅத்தார்தான் வருவார்கள். அவர்கள் முன்னிலையில், நம் மஹல்லாவின் நிக்காஹ் தப்தரில் பதிவாகாத கல்யாணத்துக்கு யார் பொறுப்பேற்பது?

நாட்டுச் சட்டமும் இதையே சொல்கிறது. தமிழ்நாட்டில் நடக்கும் எல்லாத் திருமணங்களையும் 90 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்று 2009ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கிறது. அயர்லாந்தில் சட்டப்படி மணம் முடிக்க வேண்டுமானால் மூன்று மாதங்களுக்கு முன்பே பதிவாளருக்கு அறிவிப்புக் கொடுத்தாக வேண்டும். பார்த்தீர்களா? எந்த ஊரில் இருந்து தப்பித்துத் தனியாகக் கல்யாணம் செய்யப் போகிறோமோ, அந்த ஊர்ச் சட்டம்கூட முதலில் அறிவி என்றுதான் சொல்கிறது!

விருந்துகளில் மோசமானது, பணக்காரர்கள் அழைக்கப்பட்டு ஏழைகள் விடப்படும் வலீமா விருந்தே என்ற கருத்துப்பட நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். அயர்லாந்துக்கு விசாவும் விமான டிக்கெட்டும் எடுத்து எத்தனை ஏழைகளை அழைத்துப் போவீர்கள்? அழைப்பிதழில் பெயர் எழுதாமலேயே ஏழைகள் அத்தனை பேரும் நீக்கப்பட்டு விடுகிறார்கள். முட்டி வலியால் மாடிப்படி ஏற முடியாத நன்னிமா நீக்கப்படுகிறார். பிள்ளைக்கு அலிஃப், பே சொல்லிக் கொடுத்த ஹஜ்ரத் நீக்கப்படுகிறார். கம்பெனியில் பல வருடங்களாகப் பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் டெய்லர், கட்டிங் மாஸ்டர், செக்கிங் பார்க்கும் பெண்கள் எல்லோரும் நீக்கப்படுகிறார்கள். சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு, முதலாளி வீட்டுக் கல்யாணத்தைச் செல்போனில் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அவர்கள் துஆ நமக்கு வேண்டாமா?

நம் ஊரின் பின்னலாடைத் தொழிலை 1925இல் தொடங்கி வைத்தவர் குலாம் காதர் என்ற ஒரு முஸ்லிம் பெரியவர் என்று தொழில் வரலாறு சொல்கிறது. பின்னல் இயந்திரம் கல்கத்தாவிலிருந்து இந்த ஊருக்கு வந்தது. ஒரு பிரயாணத்தின் பயன் ஊருக்கே கிடைத்து, இன்று லட்சக்கணக்கானவர்கள் இதில் சாப்பிடுகிறார்கள். வெளியூரிலிருந்து நன்மையை ஊருக்குக் கொண்டு வந்த பரம்பரை நாம். ஊரின் சந்தோஷத்தை வெளிநாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவது நமக்குப் பொருந்துமா?

இல்லறம் என்பது ஆடை

நிக்காஹ் அறிவிக்கப்பட வேண்டியது. ஆனால் நிக்காஹுக்குப் பின் கணவன் மனைவிக்கு இடையே உள்ள அன்பு மறைக்கப்பட வேண்டியது. இன்றைய நாகரிகமோ இதைத் தலைகீழாக்கி விட்டது. அறிவிக்க வேண்டிய நிக்காஹை எட்டாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் கொண்டு போய் மறைக்கிறார்கள். மறைக்க வேண்டிய தனிமையைப் படம் பிடித்து உலகுக்கே அறிவிக்கிறார்கள்.

கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் ஆடை என்று இரண்டாவது அத்தியாயத்தில் திருமறை உவமை சொல்கிறது. இந்த உவமை வேறு யாருக்குப் புரியாவிட்டாலும் பனியன் ஊர்க்காரர்களுக்குப் புரிய வேண்டும். பனியன் உடம்போடு ஒட்டியிருப்பது. வேர்வையை வாங்கிக்கொள்வது. குளிருக்கு இதமாக இருப்பது. இத்தனை வேலையும் சட்டைக்குள் இருந்துகொண்டு செய்கிறது. யார் கண்ணிலும் படுவதில்லை. அதைக் கழற்றிக் கொடிக்கம்பத்தில் ஏற்றிப் பறக்கவிட்டால் ஊர் பார்க்கும். ஆனால் உடம்புக்கு என்ன பயன்?

ஒரு பிரயாணத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் தம்முடன் வந்தவர்களை முன்னே போகச் சொன்னார்கள். அவர்கள் சென்ற பின் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடினார்கள். அன்னையார் முந்தினார்கள். பின்னர் வேறொரு பிரயாணத்தில் ஓடியபோது நாயகம் (ஸல்) அவர்கள் முந்தி, அன்றைக்கு இன்று சரியாகிவிட்டது என்று வேடிக்கையாகச் சொன்னார்கள். பிரயாணத்தில் மனைவியோடு விளையாடுவது மார்க்கத்துக்கு விரோதமல்ல. ஸுன்னத்திலேயே அதற்கு வழி இருக்கிறது! ஆனால் பாருங்கள், முதலில் கூட்டத்தை முன்னே அனுப்பினார்கள். நாமோ கூட்டத்தைக் காமிராவுக்குள் அடைத்துக் கூடவே கூட்டிக்கொண்டு போகிறோம். கையைப் பிடி, இப்படித் திரும்பு, இன்னும் கொஞ்சம் நெருங்கு என்று ஓர் அந்நியர் சொல்லச் சொல்ல நடக்கும் பாசத்தில் பாசம் எவ்வளவு, நடிப்பு எவ்வளவு?

நிழற்படம் பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பது உண்மை. பாஸ்போர்ட் போன்ற தேவைகளுக்கு அனுமதித்திருக்கிறார்கள். ஆனால் புதுப்பெண்ணின் அலங்காரத்தை மஹ்ரம் அல்லாதவர் பார்க்க ஸ்டேட்டஸிலும் ரீல்ஸிலும் போடுவது கூடாது என்பதில் மார்க்கம் அறிந்தவர்களுக்கிடையே பேச்சு வேறில்லை.

இந்தப் படமோகம் உயிரையும் குடித்திருக்கிறது. 2020 நவம்பரில் கர்நாடகத்தில் தலக்காடு அருகே காவிரியில், கல்யாணத்துக்கு முன் படம் எடுக்கப் பரிசலில் ஏறிய ஜோடி ஆற்றில் விழுந்து மாண்டது. அதற்கு முந்திய ஆண்டு அக்டோபரில் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரைப் பக்கம் பாம்பாறு அணையில் செல்பி எடுக்க நீரில் நின்றவர்களில் புதுப்பெண் உட்பட நான்கு பேர் மூழ்கி இறந்தார்கள். மோஹர் பாறைகள் கடலுக்கு மேல் 214 மீட்டர் வரை செங்குத்தாக நிற்பவை. உயிர் அல்லாஹ்வின் அமானிதம். ஒரு படத்துக்காக அதைப் பாறை விளிம்பில் வைக்க நமக்கு உரிமை இல்லை.

செலவு யாருடையது?

வீண் விரயம் செய்பவர்களை ஷைத்தானின் சகோதரர்கள் என்று திருமறை கண்டிப்பதை நாம் அறிவோம். அதைவிட உன்னிப்பாகப் பார்க்க வேண்டியது, செலவு யார் தலையில் விழுகிறது என்பதே. வலீமா மாப்பிள்ளையின் கடமை. ஆனால் பல இடங்களில் கோட்டை வாடகை, காமிராக்காரர் சம்பளம், விருந்தாளிகளின் டிக்கெட் எல்லாம் பெண்ணைப் பெற்றவர் மீது ஏற்றப்படுகிறது. கைக்கூலி என்ற பெயரை மேடைகளில் கண்டித்துத் துரத்தினோம்; அது "பேக்கேஜ்" என்ற பெயரில் பின்வாசல் வழியாக வந்துவிட்டது. பெயர் மாறினால் ஹராம் ஹலாலாகிவிடுமா?

நம் தொழிலின் நிலையும் நமக்குத் தெரியாததல்ல. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குகளுக்கான வரியை 50 சதவீதமாக உயர்த்தியபோது திருப்பூர் பட்ட பாட்டை மறக்க முடியாது. இன்று ஆர்டர் இருக்கும், நாளை இருக்காது. இப்படிப்பட்ட தொழிலில் இருப்பவர் வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்து ஒரு வாரக் கல்யாணம் நடத்தினால், அந்தக் கடனை அடைப்பது யார்? கல்யாணப் படங்கள் பழசாகும் முன்பே வட்டி வாசலில் நிற்கும்.

அப்படியானால் போகவே கூடாதா?

போகலாம். பூமியில் பிரயாணம் செய்து படைப்பைப் பாருங்கள் என்று திருமறையே தூண்டுகிறது. ஆனால் முறையை மாற்றிக்கொள்ளுங்கள். நிக்காஹ் நம் மஹல்லாப் பள்ளிவாசலில், ஜமாஅத்தார் முன்னிலையில் நடக்கட்டும். வலீமாவில் கம்பெனித் தொழிலாளர்களும் அண்டை வீட்டாரும் முதல் பந்தியில் உட்காரட்டும். அதன் பிறகு சொந்தச் சம்பாத்தியத்தில், கடன் இல்லாமல், கணவனும் மனைவியும் மட்டும் போய் வாருங்கள். காமிராக்காரரைக் கூட்டத்தோடு முன்னே அனுப்பிவிடுங்கள்!

போகும் இடத்தில் தொழுகையை விட்டுவிடாதீர்கள். ஜூன் கடைசியில் டப்ளினில் சூரியன் மறைய இரவு ஏறக்குறைய 10 மணி ஆகும். மறுநாள் காலை 5 மணிக்கெல்லாம் உதித்துவிடும். பஜ்ரையும் இஷாவையும் முன்கூட்டியே கணக்கிட்டு வைக்காவிட்டால் கை நழுவிவிடும். ஹனபி மத்ஹபின்படி, ஓரிடத்தில் 15 நாட்களுக்குக் குறைவாகத் தங்கும் பிரயாணி நான்கு ரக்அத் பர்ளுகளை இரண்டாகச் சுருக்கித் தொழ வேண்டும். மேற்கே மேயோ மாவட்டத்தில் பாலிஹானிஸ் என்ற சிற்றூரில் 1987இல் கட்டப்பட்ட பள்ளிவாசல் இருக்கிறது. பாறைகளைத் தேடிப் போகிறவர்கள் அந்த ஸஃப்பையும் தேடிப் போகட்டும்.

கானமாராவில் எல்லோரும் நின்று படம் எடுக்கும் கைல்மோர் மாளிகையைப் பார்த்தால் அதன் கதையையும் கேளுங்கள். 1867இல் மிட்செல் ஹென்றி என்ற செல்வந்தர் தம் மனைவிக்காக அதைக் கட்டத் தொடங்கினார். 1874இல் எகிப்துக்குச் சென்ற இடத்தில் நோய்வாய்ப்பட்டு அந்த மனைவி இறந்துபோனார். கட்டியவரின் கையில் மிஞ்சியது மாளிகை, மனைவியல்ல. நம் அன்னை மைமூனா (ரலி) அவர்களும், தம் இல்வாழ்வு தொடங்கிய அதே ஸரிஃபில்தான் வஃபாத்தாகி அடங்கியிருக்கிறார்கள். மணக்கூடாரம் இருந்த மண்ணிலேயே கப்ரும் அமைந்தது. அந்தக் கூடாரத்தைப் பார்த்தவர் எவருமில்லை. அங்கே தொடங்கிய வாழ்வின் பரக்கத்தோ இன்றுவரை உம்மத்துக்குக் கிடைத்துக்கொண்டிருக்கிறது.

கல்யாணம் ஒரு நாளில் முடிந்துவிடும்; இல்லறம் ஆயுள் முழுவதும் நீடிக்க வேண்டியது. ஒரு நாளுக்காக ஆயுளைக் கடன்படுத்தாதீர்கள், சகோதரர்களே!

அறிவிக்க வேண்டியதை அறிவித்து, மறைக்க வேண்டியதை மறைத்து, எளிமையும் நாணமும் பரக்கத்தும் நிறைந்த குடும்பங்களாக நம் குடும்பங்களை அல்லாஹ் ஆக்கி அருள்வானாக! நம் பிள்ளைகளுக்கு ஸாலிஹான துணைகளைத் தருவானாக! ஆமீன், யாரப்பல் ஆலமீன்.