குவியலின் அடியில்

விசா தாமதத்துக்குக் காரணம் வேலைநிறுத்தம் என்று தெரியவந்தபோது எங்கள் வீட்டில் முதலில் வந்தது ஆறுதல். கோபம் பிறகுதான் வந்தது. 2013ஆம் ஆண்டு கோடைகாலம் அது. சென்னை வளசரவாக்கத்தில் இருந்த பெரியம்மா, கனடாவின் ஸ்காபரோவில் மகளின் பிள்ளைப்பேறு பார்க்கப் போக விண்ணப்பித்திருந்தார். கடவுச்சீட்டும் உள்ளே போய்விட்டது. அதன்பிறகு ஒரு சத்தமும் இல்லை. டென்மார்க்கின் வைலேயில் இருந்துகொண்டு இணையத்தில் பார்த்துச் சொல்வது எங்கள் பொறுப்பு. பார்த்துச் சொல்ல ஒன்றும் இல்லாததால் ஆளுக்கொரு காரணம் கண்டுபிடித்தோம். வங்கிக் கணக்கில் காசு காணாதோ, அழைப்புக் கடிதத்தில் பிழை விட்டோமோ, பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றிருப்பதுதான் வில்லங்கமோ. கடைசியில் செய்தியைப் படித்துவிட்டு நான் தொலைபேசி எடுத்தபோது பெரியம்மா கேட்டார்: "அப்ப எங்களில பிழை ஒண்டும் இல்லையே, பிள்ளை?"

காத்திருப்பவரை வாட்டுவது என்ன என்பது எனக்கு அந்தக் கேள்வியில்தான் பிடிபட்டது. பதில் வராத இடத்தை நாம் நம் குற்றங்களால் நிரப்பிக்கொள்கிறோம். அகதியாகவோ வந்தேறியாகவோ ஒருமுறை வரிசையில் நின்றவருக்கு இது கைவந்த கலை. அலுவலகம் வாய்திறக்காவிட்டால், தான் எதையோ மறைத்துவிட்டவர் போல அவரே தன்னை விசாரிக்கத் தொடங்குவார்.

அந்த ஆண்டு நடந்தது இது. கனடாவின் வெளியுறவுப் பணி அலுவலர்கள், சுமார் 1,350 பேர், சம்பளப் பேச்சு முறிந்து வேலைநிறுத்தத்தில் இறங்கியிருந்தார்கள். தங்களோடு ஒரே வேலையைச் செய்யும் மற்ற அரச அலுவலர்கள், பொருளியலாளர்களும் வழக்கறிஞர்களும், ஆண்டுக்கு 14,000 டொலர் வரை கூடுதலாகப் பெறுகிறார்கள் என்பது அவர்களுடைய முறைப்பாடு. நடுவர் தீர்ப்புக்கு விடலாம் என்ற யோசனை அரசு போட்ட நிபந்தனைகளால் கெட்டது. யூலை 29 முதல் டெல்லி, சண்டிகர், மணிலா, பெய்ஜிங், லண்டன், மெக்சிகோ நகரம் உட்பட 15 பெரிய விசா நிலையங்களில் வேலை நின்றது. செப்டெம்பரில், அந்த நிபந்தனைகளைப் போட்ட அரசு நேர்மையாகப் பேரம் பேசவில்லை என்று தொழிலுறவு வாரியமே சொன்னது. 26ஆம் திகதி உடன்பாடு வந்தது. ஸ்காபரோவில் குழந்தை அதற்கு முன்பே வந்துவிட்டது.

வேலைநிறுத்தக்காரர்கள் கோடையைத் தேர்ந்தெடுத்தது தற்செயல் இல்லை. சுற்றுலாக்காரரும் செப்டெம்பரில் வகுப்புத் தொடங்கும் மாணவரும் குவிகிற காலம் அது. அவர்கள் கையில் இருந்த ஆயுதம் பெரியம்மாவின் நேரம். இதைப் பூசி மெழுகிச் சொல்ல எனக்கு மனமில்லை. பேருந்து ஓட்டுநர் வண்டியை நிறுத்தினால் நடந்துபோகலாம், வேறு வண்டி பிடிக்கலாம். விசா அலுவலர் நிறுத்தினால் இரண்டாவது கதவு கிடையாது. அவருடைய முதலாளிக்கு வலிக்கவேண்டும் என்றால் முதலில் முதலாளியின் வாக்காளர்கூட அல்லாத ஒருவருக்கு வலிக்கவேண்டும். ஒட்டாவாவில் பேச்சு மேசையில் இருந்த யாருக்கும் வளசரவாக்கத்தில் வாக்கு இல்லை.

அப்படியிருந்தும் நான் அலுவலர் பக்கம்தான் நின்றேன். அதற்கு வைலேயும் ஒரு காரணம். அதே 2013 ஏப்ரலில் எங்கள் பிள்ளைகள் நாலு கிழமை வீட்டில் இருந்தார்கள். நகரசபைகளின் கூட்டமைப்பு நாடு முழுதும் ஆசிரியரை வெளியே விட்டுப் பள்ளிக் கதவைப் பூட்டியிருந்தது. இது வேலைநிறுத்தம் இல்லை, முதலாளி பக்கத்துக் கதவடைப்பு. கடைசியில் ஏப்ரல் 26 அன்று நாடாளுமன்றம் சட்டம் போட்டு முடித்துவைத்தது. வேலைக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் நாங்கள் பட்ட பாடு தனிக்கதை. ஆனால் எந்த நாளில் பூட்டுவார்கள், யார் பூட்டுகிறார்கள், எதற்காக என்பது பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கும் முன்கூட்டியே தெரிந்திருந்தது. 1899 செப்டெம்பர் உடன்படிக்கையிலிருந்து இந்த நாட்டில் வழக்கம் அது. வேலையை நிறுத்துவதென்றாலும் கதவை அடைப்பதென்றாலும் எதிர்த்தரப்புக்கு முன்னறிவித்தல் கொடுத்துவிட்டுத்தான் செய்யவேண்டும். சண்டையாக இருந்தாலும் நாள் குறித்த சண்டை.

நாள் குறிக்காத நிறுத்தம் ஒன்றும் இங்கே நடந்திருக்கிறது. அதில் நிறுத்திவைக்கப்பட்டவர்கள் நம்மவர்கள். டெனிஷ் பாடப்புத்தகத்தில் அதற்குத் 'தமிழர் வழக்கு' என்று பெயர். வைலேயில் பிறந்த நம் பிள்ளைகள் பலருக்கு அது வகுப்பில் கேட்ட சொல்லாக மட்டும் இருப்பது எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

1983இல் வந்த வெளிநாட்டவர் சட்டப்படி, அகதியாக ஏற்கப்பட்டவர் தன் கணவனையோ மனைவியையோ பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளையோ அழைத்துக்கொள்வது அப்போது உரிமையாக இருந்தது. யாரும் தயவு பண்ணித் தரவேண்டியதாக இருக்கவில்லை. 1987 யூலை 29 அன்று இந்திய இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. இனிச் சமாதானம் வரப்போகிறது, இவர்களே திரும்பிப் போகலாம், குடும்பத்தை ஏன் கொண்டுவருவது என்பது அப்போதைய நீதியமைச்சர் எரிக் நின்-ஹான்சனின் எண்ணம். அந்தச் செப்டெம்பரில், இலங்கைத் தமிழர்களின் குடும்ப இணைப்பு விண்ணப்பங்களைக் குவியலின் அடியில் போடும்படி அலுவலர்களுக்கு உத்தரவு போனது. சட்டம் மாற்றப்படவில்லை. அறிவிப்பும் இல்லை. அக்டோபரில் யாழ்ப்பாணத்தில் இந்தியப் படைக்கும் புலிகளுக்கும் போர் தொடங்கியது. ஷெல் விழுந்துகொண்டிருந்த ஊரில் இருந்தவர்களின் பெயர்கள் இங்கே சமாதானத்தின் பெயரால் அடியில் கிடந்தன.

எனக்குத் தெரிந்த ஓர் அண்ணர் அப்போது வைலேயின் சுயிங்கம் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். ஸ்டிமோரோல் செய்த அதே இடம். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் கொக்குவிலில். கேட்கும்போதெல்லாம் அலுவல் நடக்கிறது என்றே பதில் வந்ததாம். அதை நம்பி, முதல் குளிருக்கே பிள்ளைகளுக்குத் தடித்த மேற்சட்டைகள் வாங்கி வைத்திருக்கிறார். பிள்ளைகள் வந்தபோது அவை அளவில்லை. இதைச் சொல்லிவிட்டு அவர் சிரிப்பார், தள்ளுபடியில் வாங்கியதால் திருப்பிக் கொடுக்கவும் முடியவில்லை என்பார்.

அகதிகள் அவையும் பத்திரிகைகளும் கேள்வி கேட்டன. நாடாளுமன்றத்தின் குறைகேள் அதிகாரி ஹான்ஸ் கமெல்டொஃப்ட்-ஹான்சன் விசாரித்து, நடந்தது சட்டவிரோதம் என்று 1989 மார்ச்சில் அறிக்கை கொடுத்தார். அதற்குள் அமைச்சர் மாறிவிட்டார், விண்ணப்பங்களும் நகரத் தொடங்கிவிட்டன. ஏப்ரலில் பிரதமர் பவுல் ஷ்லூட்டர் நாடாளுமன்றத்தில் எழுந்து, கம்பளத்துக்குக் கீழே எதையும் பெருக்கித் தள்ளவில்லை என்றார். அந்த ஒரு வாக்கியம்தான் அவரை விழுத்தியது. உச்ச நீதிமன்ற நீதிபதி மொகென்ஸ் ஹொர்ன்ஸ்லெட்டின் விசாரணை அறிக்கை 1993 சனவரி 14 அன்று வந்தது. அன்றே ஷ்லூட்டர் பதவி விலகலை அறிவித்தார். பத்தாண்டுக்கும் மேலாக இருந்த ஓர் அரசு, சில நூறு தமிழ்க் குடும்பங்களின் கோப்புகளில் தடுக்கி விழுந்தது. 1910க்குப் பிறகு கூடாதிருந்த அமைச்சர்களுக்கான உயர் தீர்ப்பாயம் கூடி, 1995 யூனில் நின்-ஹான்சனுக்கு நாலு மாதச் சிறைத்தண்டனை விதித்து, அதை நிறுத்தியும் வைத்தது. வயதும் உடல்நிலையும் காரணம்.

தண்டனை சிறியதா பெரியதா என்பது எனக்கு முக்கியமாகப் படவில்லை. நான் பார்ப்பது வேறு ஒன்றை. அந்தத் தாமதம் வரிசையின் வேடம் போட்டு வந்தது. வரிசை என்றால் எல்லோரும் தலைகுனிந்து நிற்போம், முன்னால் நிற்பவரைப் பொறுத்துக்கொள்வோம், அதில் ஒரு நியாயம் இருக்கிறது. கோப்பை அடியில் செருகியவர்கள் நம்முடைய அந்தப் பொறுமையைத்தான் திருடினார்கள். வேலைநிறுத்தம் செய்கிற அலுவலர் திருடவில்லை. "நான் நிறுத்திவிட்டேன், காரணம் இது, இன்னாரிடம் கேள்" என்று வாசலில் பதாகையோடு நிற்கிறார். அவரோடு சண்டை பிடிக்கலாம், அவர் கேட்பது அதிகம் என்று சொல்லலாம். குறைந்தது சண்டை பிடிக்க ஒரு முகம் இருக்கிறது.

பெரியம்மா அந்தத் தொலைபேசிக்குப் பிறகு செய்த முதல் வேலை, கட்டி வைத்திருந்த பெட்டியைப் பிரித்தது. பயணத்துக்கு என்று எடுத்துவைத்த புதுச் சேலைகளை எடுத்துக் கோயிலுக்குக் கட்டிப்போனார். பிள்ளை பெற்றவளுக்கான சரக்குத்தூளை வறுத்து இடித்து, கனடா திரும்பிக்கொண்டிருந்த ஒரு குடும்பத்திடம் கொடுத்துவிட்டார். அவர் போகாமலே போகக்கூடியவை எவை, அவரே போனால்தான் ஆகக்கூடியவை எவை என்று இரண்டாகப் பிரித்துவிட்டார். பேரப்பிள்ளையைக் குளிக்கவார்ப்பது இரண்டாவது பட்டியலில் இருந்தது. அது கைநழுவிப் போனதற்காக அழுததும் எனக்குத் தெரியும். விசா வந்து அவர் போனபோது அங்கே பனி கொட்டத் தொடங்கியிருந்தது.

அதற்குப் பிறகு தாமதம் என்று யார் தொலைபேசி எடுத்தாலும், 2023 ஏப்ரலில் கனடாவில் 155,000 அரச ஊழியர் வேலையை நிறுத்தி, குடிவரவுத் துறையும் அதில் அகப்பட்டபோதும்கூட, நான் முதலில் கேட்பது பெட்டி கட்டியிருக்கிறதா என்பதைத்தான். கட்டியிருந்தால் பிரிக்கச் சொல்வேன். சங்கம் என்ன கேட்கிறது என்று படித்துப்பார்க்கச் சொல்வேன். கோரிக்கையின் அளவைப் பார்த்தால் இழுபறி நீளுமா என்று ஓரளவு கணிக்கலாம். வேலைக்குத் திரும்பிய மறுநாளே கோப்பு நகரும் என்று எண்ணவேண்டாம், தேங்கியது கரையக் கிழமைகள் ஆகும் என்பதையும் சொல்லிவைப்பேன். வேலைநிறுத்தமும் இல்லை, காரணமும் சொல்கிறார்கள் இல்லை என்றால் பேச்சு வேறு. டென்மார்க்கில் தன் கோப்பைப் பார்க்கக் கேட்கும் உரிமை இருக்கிறது. 1955 முதல் குறைகேள் அதிகாரி ஒருவர் இருக்கிறார். எழுதிக் கேட்கவேண்டும், கேட்டதன் பிரதியை வைத்திருக்கவேண்டும். நம்மவர்கள் இதற்குத் தயங்குவார்கள். கேட்டால் கோபித்துக்கொண்டு மறுத்துவிடுவார்களோ என்ற பயம். கேட்காதவர்களின் கோப்புகளும் அதே குவியலின் அடியில்தான் கிடந்தன.

காரணம் தெரிந்தால் காத்திருப்பது இலகு என்ற என் கொள்கையை அண்ணரிடம் ஒருமுறை பெருமையாகச் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"எனக்குக் காரணம் தெரிஞ்சது 89இல, தங்கச்சி. அதுவரைக்கும் ஏதோ நித்திரை கொண்டனான். தெரிஞ்ச பிறகுதான் நித்திரை போனது."

அது வேறு வகைக் காரணம் என்று நான் வாதாடினேன். அமைச்சர் ஒளித்துச் செய்தது வேறு, தொழிலாளி சொல்லிச் செய்வது வேறு என்றேன். அதற்கு அவர் 1998ஐ எடுத்தார். அந்த ஏப்ரல் 27 முதல் பதினொரு நாள் டென்மார்க்கில் தனியார்துறைத் தொழிலாளர் அரை மில்லியன் பேரளவில் வேலையை நிறுத்தினார்கள். ஆறாவது கிழமை விடுமுறை கேட்டுத்தான். கடைகளில் ஈஸ்ட் கிடைக்காமல் சனம் அள்ளி ஒளித்துவைத்த கதையை இன்றும் சொல்வார்கள். அண்ணரும் நிறுத்தியவர்களில் ஒருவர். ஊருக்குப் போய் அம்மாவைப் பார்த்துவர ஐந்து கிழமை காணாது என்பது அவருடைய நியாயம்.

"நாங்கள் நிப்பாட்டினபோதும் எங்கேயோ ஒரு சனம் எங்களுக்காகக் காத்திருந்திருக்கும். சாமானுக்கோ மருந்துக்கோ. அதுகளிட்ட நான் கேட்டனானே? இல்லை. திரும்பவும் செய்வனோ எண்டால், செய்வன்."

செய்வேன் என்றதும் சரி, கேட்கவில்லை என்றதும் சரி. இரண்டையும் ஒருவரே சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. இரண்டு பக்கத்திலும் நின்று பார்த்த ஒருவர் எங்கள் ஊரில் இருக்கிறார் என்றே இப்போது தொலைபேசியில் சொல்கிறேன். விருப்பமானவர்களுக்கு அவருடைய இலக்கத்தையும் கொடுத்துவிடுகிறேன். ஓய்வூதியம் எடுத்துவிட்டார், கதைக்க நேரம் இருக்கிறது.