மழையில் கிடக்க விரும்பியவர்

அடக்கமான ஒருவரை எப்படிப் புகழ்வது? உரக்கப் புகழ்ந்தால் அவர் விரும்பாததைச் செய்தவர்கள் ஆகிறோம். பேசாமல் இருந்துவிட்டாலோ நன்றி கெட்டவர்கள் ஆகிறோம். இங்கிலாந்திலுள்ள வின்செஸ்டர் நகரம் இந்தத் தர்மசங்கடத்தில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகச் சிக்கிக்கொண்டிருக்கிறது.

ஒன்பதாம் நூற்றாண்டில் அந்நகரின் பிஷப்பாக ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் இருந்தவர் ஸ்விதின். அவருடைய அற்புதங்களில் மக்கள் மறக்காதது மிகச் சிறியது. பாலத்தின்மேல் ஓர் ஏழைப் பெண்ணின் கூடையிலிருந்த முட்டைகள் உடைந்துபோயின. அவற்றை அவர் மீண்டும் முழுதாக்கித் தந்தாராம். கடலைப் பிளக்கவில்லை, மலையைத் தூக்கவில்லை. ஒருத்தியின் அன்றைய பிழைப்பைக் காப்பாற்றினார், அவ்வளவுதான். இது வெறும் கதையாகவே இருக்கட்டும். ஒருவரைப் பற்றி ஊரார் எத்தகைய கதையைக் கட்டுகிறார்கள் என்பதே அவரை நமக்குக் காட்டிக் கொடுத்துவிடுகிறது அல்லவா?

தம்மைக் கோயிலுக்குள் அடக்கம் செய்ய வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டாராம். வழிப்போக்கரின் காலடியும் வானத்து மழைத்துளியும் படுகிற வெளியிடமே போதும் என்றாராம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் மாம்ஸ்பரி வில்லியம் என்ற துறவி இதை எழுதிவைத்தார். ஒரு நூறு ஆண்டுகளுக்கு மேல் ஸ்விதின் அப்படியே வெளியில் கிடந்தார்.

971-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் நாள், பிஷப் எதெல்வோல்டு அவருடைய எலும்புகளை எடுத்துக் கோயிலுக்குள் வைத்தார். புனிதர் சினந்து மழையைக் கொட்டினார் என்று பின்னால் கதை எழுந்தது. அந்த நாளில் மழை பெய்தால் நாற்பது நாள் விடாது பெய்யும் என்று ஆங்கிலேயர் இன்னும் சொல்வதுண்டு. வானிலைக் கணக்குகள் இதை மெய்ப்பிக்கவில்லை. ஆனால் மக்களின் மனச்சாட்சியில் ஏதோ உறுத்தியிருக்கிறது; அந்த உறுத்தலே மழைக்கதையாயிற்று என்று எனக்குத் தோன்றுகிறது.

எதெல்வோல்டு செய்தது தவறா? பழைய குருமார்களை 964-இல் வெளியேற்றிவிட்டுத் துறவிகளை அமர்த்தியவர் அவர். தம் சீர்திருத்தத்துக்கு ஒரு புனிதரின் துணை அவருக்குப் பயன்பட்டது. ஆகவே இந்த மரியாதையில் காரியமும் கலந்திருந்தது. என்றாலும், நோய் தீரும் என்று நம்பித் தொலைதூரத்திலிருந்து நடந்து வந்தவர்களை நினைத்துப் பாருங்கள். மண்டியிட ஓர் இடம் வேண்டும் என்று அவர்கள் கேட்டது குற்றமா? இறந்தவரின் சொல்லுக்கு ஒரு நியாயம் உண்டு என்றால், இருப்பவரின் துயரத்துக்கும் ஒரு நியாயம் உண்டு.

ஆயினும் ஆடம்பரம் அத்தோடு நிற்பதில்லை. வெள்ளியும் மணிகளும் சேர்ந்தன. 1538-இல் எட்டாம் ஹென்றியின் ஆட்கள் ஓர் இரவில் அந்தச் சமாதியைத் தகர்த்தார்கள். வெள்ளிக்கு மட்டுமே விலை உண்டு, கற்கள் எல்லாம் போலி என்று அவர்களே எழுதினார்கள். மழைத்துளி போதும் என்றவருக்கு நாம் சூட்டியது போலி மணி!

அந்தப் பழைய கோயில் 1093-க்குப் பிறகு இடிக்கப்பட்டது. 1960-களில் அகழ்ந்து கண்ட அதன் அடித்தள வடிவத்தைப் பேராலயத்தின் பக்கத்துப் புல்வெளியில் செங்கல்லால் குறித்திருக்கிறார்கள். ஸ்விதினின் முதற் கல்லறை இருந்த இடமும் அங்கேதான். இன்று அதன்மேல் மழை பெய்கிறது, மனிதர்கள் நடக்கிறார்கள். எலும்புகள் இல்லை, விருப்பம் மட்டும் நிறைவேறியிருக்கிறது.

அருகே கிங்ஸ்கேட் என்னும் நகர வாயிலின் மேலே அவர் பெயரால் ஒரு சின்னஞ்சிறு தேவாலயம் இருக்கிறது. கீழே தெரு, மேலே பிரார்த்தனை. நாவலாசிரியர் டிரோலப், 1855-இல் வெளிவந்த 'தி வார்டன்' நாவலில், மனச்சாட்சிக்காக வருமானமுள்ள பதவியை விட்ட ஒரு முதியவருக்கு இதைப் போன்ற வாயில்மேல் கோயிலையே கொடுத்தார். பொருத்தமான இடம். அங்கே புகழ் ஏறி உட்கார இடமில்லை. ஓயாத காலடி ஓசை மட்டும் உண்டு.

நன்றி சொல்லும் உரிமை நம்முடையது; அது எந்த உருவில் வேண்டும் என்று சொல்லும் உரிமை பெறுகிறவருடையது. 'எனக்கு ஒன்றும் செய்யாதீர்கள்' என்று சொல்லிவிட்டுப் போன பெரியவர் ஒருவர் நம் ஒவ்வொரு குடும்பத்திலும் இருக்கிறார். அவருக்காகப் பந்தல் போடுகிறோம். படத்தைப் பெரிதாக்கி மாட்டுகிறோம். அதில் அவருக்கு எவ்வளவு, ஊர் மெச்சுவதற்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க நமக்குத் துணிவு வேண்டும். உண்மையில் அவரைக் கொண்டாட நினைத்தால், வழியில் கூடை தவறவிட்டு நிற்கும் ஒருத்திக்காக ஒரு நிமிஷம் குனிந்தாலே போதும்.