உளுந்து வேரின் அடக்கம்

வீரகேரளம்புதூர்ப் பக்கம் பிசான நெல் அறுவடை முடிந்த வயல். சிற்றாற்றுத் தண்ணீரின் ஈரம் மண்ணில் மிச்சமிருக்கிறது. ரைசோபியம் என்னும் பாக்டீரியாவை ஆறிய அரிசிக் கஞ்சியில் குழைத்து, உளுந்து விதையில் புரட்டி, நிழலில் உலர்த்தி விதைக்கிறார்கள். அடுத்து வேருக்குள் நடப்பதைக் கண்ணால் பார்க்க முடியாது.

*

வேர்ச்செல்லுக்கு வெளியே கால்சியம் தாராளம். உள்ளே, செல்சாற்றில், ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். இது பஞ்சமல்ல. கால்சியம் மிகுந்தால் பாஸ்பேட்டோடு கூடிப் படிந்துவிடும். உயிரின் ஆற்றல் வரவுசெலவோ பாஸ்பேட்டில்தான் நடக்கிறது. அதனால் உள்ளே நுழைந்ததை வெளியே தள்ளவும், உள்ளறைகளில் அடைத்து வைக்கவும் பம்புப் புரதங்கள் ஓயாமல் உழைக்கின்றன.

*

சவ்வில் கால்சியம் கால்வாய்கள் இருக்கின்றன. இவையும் புரதங்களே. மடையைத் திறந்துவிட்டால் தண்ணீரை யாரும் தள்ள வேண்டாம். மேடு பள்ளம் போதும். கால்வாய் திறப்பதும் அப்படித்தான், செலவில்லாத காரியம். அந்த மேடு பள்ளத்தைக் காத்து வைப்பதற்குத்தான் செலவு.

*

ரைசோபியம் அனுப்பும் வேதிக்குறி பயறு வகைச் செடியின் வேர்த்தூவியைத் தொட்ட சற்று நேரத்தில், உட்கருவைச் சுற்றிக் கால்சியம் ஏறி இறங்கத் தொடங்குகிறது, ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை. குதிரைமசால் வேரில் இதை முதலில் கண்டு 1996-இல் எழுதினார்கள். அந்தத் துடிப்புக்கு வழிவிடும் கால்வாய்கள் உட்கருவின் உறையிலேயே இருப்பதை, குதிரைமசாலின் உறவுச் செடி ஒன்றில் 2016-இல் காட்டினார்கள். அவற்றுக்கு சிஎன்ஜிசி15 என்று பெயர்.

*

துடிப்பைப் படிக்கும் புரதம் ஒன்று உண்டு. அதை எப்போதும் விழித்தபடியே இருக்குமாறு மாற்றிவைத்தால், பாக்டீரியா இல்லாமலேயே, அது குடியேறும் முடிச்சு வேரில் விழுகிறது. 2006-இல் வந்த முடிவு இது. வராத விருந்தாளிக்கு வீடு கட்டிவிடுகிறது வேர். கால்சியத்துக்கென்று தனிச் செய்தி கிடையாது. அடங்கியிருக்கும் இடத்தில் எழும்போதுதான் அது செய்தியாகிறது.

*

அடக்கம் என்றால் சும்மா இருப்பது என்று நினைத்திருந்தேன். இங்கே அது நொடிதோறும் ஏடிபி என்னும் ஆற்றல் நாணயத்தைச் செலவழித்து வாங்கும் நிலை. ஏடிபிக்கு மூச்சு வேண்டும். வயலில் நீர் தேங்கினால் வேருக்கு மூச்சு முட்டும், பம்புகள் தளரும், செல்சாற்றில் கால்சியம் ஏறும். அந்த இரைச்சலில் எந்தக் குறியும் தெளிவாகக் கேட்காது. உளுந்துக்குத் தண்ணீர் நிற்கக் கூடாது என்று வடிகால் வெட்டுகிறவர், வேர் தன் அடக்கத்தைக் காத்துக்கொள்ள வேண்டிய காற்றைத்தான் கொடுக்கிறார்.