துயரும் கலையும்

பிறர் துயரைக் கலையாக்குதல் அறமாகுமா? பத்தொன்பதாம் நூற்றாண்டு இலண்டனைத் தீட்டிய ஓவியங்களை நோக்குவோர் இவ்வினாவைத் தவிர்த்தல் அரிது.

1808-1810 காலத்தில் வெளியான ‘இலண்டனின் நுண்ணுலகு’ என்னும் தொகுதியிற் கட்டடங்களைப் பியூஜினும் மாந்தரை ரோலண்ட்சனும் வரைந்தனர். சிறைச்சாலையும் ஏழையர் விடுதியும் அதில் இடம்பெற்றன. எனினும், வண்ணந்தீட்டிய அவ்வச்சுப் படங்களில் வறுமையும் நகரத்துக் காட்சிகளுள் ஒன்றாகவே அடங்கிவிடுகின்றது.

1869 டிசெம்பரில் ‘கிறாபிக்’ வார ஏட்டின் முதலாவது இதழில் லூக் ஃபில்ட்ஸ் வரைந்த மரச்செதுக்குப் படம் வேறு வகையினது. ஓரிரவுத் தங்கலுக்கான அனுமதிச் சீட்டை வேண்டி, வீடற்றோர் கடுங்குளிரிற் சுவரோரமாக வரிசையில் நிற்கின்றனர். 1874இல் அவர் அதனையே எண்ணெய்வண்ண ஓவியமாக்கி றோயல் அக்கடமியிற் காட்சிக்கு வைத்தார். மக்கள் திரண்டு பார்த்தனர். இத்தகைய பொருள் கலைக்கு ஒவ்வாதெனக் குறைகூறிய திறனாய்வாளரும் இருந்தனர்.

பார்த்தோர் இரங்கினர், ஓவியர் புகழ்பெற்றார், வரிசையில் நின்றோர் பெற்றது யாது? இக்கேள்வி நியாயமானதே. ஆயின், வரையாது விடுதல் அவர்களைக் காணாதவர்போற் கடந்து செல்வோர்க்கே துணைபோகும். இரக்கம் வெறும் இன்பமாக முடியுமாயின், அக்கலை துயரை உண்டு வாழ்வதாகும். அவர்களை அங்கு நிறுத்தியவர் யாவர் என்ற வினாவைப் பார்வையாளனிடம் எழுப்புமாயின், அஃது அறத்தின் பாற்படும். ஃபில்ட்ஸின் படம் அவ்வினாவை எழுப்புகின்றது.