விழப்போகிற பல்

யாழ்ப்பாணத்தில் குழந்தைக்கு முதல் பல் முளைத்ததும் பல்லுக்கொழுக்கட்டை அவிப்பார்கள். தேங்காயைப் பல் வடிவில் சின்னச் சின்னதாகக் கீறி, கொழுக்கட்டையின் விளிம்பில் வரிசையாகக் குத்தி வைப்பார்கள். குழந்தையை நடுவில் இருத்தி அதன் தலையில் கொழுக்கட்டைகளை மெல்லச் சொரிவார்கள். ஏடு, பேனை, நகை என்று முன்னால் பரப்பி, கை எதன்மேல் போகிறது என்று பார்த்து மகிழ்வார்கள். தமிழ்நாட்டில் பல ஊர்களில் சடங்கு மறுமுனையில் இருக்கிறது. ஆறேழு வயதில் விழுந்த பல்லைச் சாணத்தில் பொதிந்து கூரைமேல் எறிவார்கள். வரவுக்கு ஒரு சடங்கு, போக்குக்கு ஒரு சடங்கு. இடையில் அந்தப் பல் வாயிலிருந்து உழைக்கும் ஆண்டுகளுக்குச் சடங்கு எதுவும் இல்லை. அந்தக் காலம் முழுவதற்கும் ஒரே ஒரு பேச்சுதான்: “விழப்போற பல்லுதானே!”

குழந்தைகளின் பல்லைப் பார்க்கும் மருத்துவர்கள் இதை அடிக்கடி கேட்கிறார்கள். அலட்சியம் என்று இதைத் தள்ளிவிடுவது நியாயமாகாது. சொல்கிறவர்களில் பலர் பேரப்பிள்ளைக்காக எதையும் விட்டுக்கொடுக்கக் கூடிய தாத்தா பாட்டிகள். அவர்களுடைய சொல்லுக்குள் ஒரு பழைய தத்துவம் இருக்கிறது. நிலைக்காத ஒன்றுக்கு இத்தனை ஊசி, இத்தனை அழுகை, இத்தனை பணம் எதற்கு என்கிறது அது. அதற்குத் தத்துவத்தின் தளத்திலேயே விடை தேட வேண்டும். போகப் போகிறது என்று தெரிந்தே ஒன்றைப் பேணுவது கடமையா, இல்லையா?

அது எவ்வளவு காலம் இருக்கிறது என்பதை முதலில் பார்க்கலாம். பால்பற்கள் மொத்தம் 20. அவற்றின் மொட்டுகள் தாயின் வயிற்றில், கரு இரண்டு மாதத்தை எட்டும் முன்பே உருவாகத் தொடங்கிவிடுகின்றன. ஏறத்தாழ ஆறாவது மாதத்தில் கீழ் முன்பல் வெளியே வரும். மூன்று வயதுக்குள் இருபதும் வந்து சேரும். முன்பற்கள் ஆறேழு வயதில் விழுந்தாலும், பின்னாலுள்ள கடைவாய்ப் பால்பற்கள் 10 முதல் 12 வயது வரை இருக்கும். இரண்டு வயதில் வந்த பல் ஐந்தாம் வகுப்பு வரை சோறு மெல்கிறது. அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. அடியில் வளரும் நிரந்தரப் பல்லுக்கு அது இடம் பிடித்து வைத்திருக்கிறது. முன்கூட்டியே போய்விட்டால் பக்கத்துப் பற்கள் சாய்ந்து வழியை மறித்துவிடும். வேரடியில் சீழ் கட்டினால், கீழே உருவாகிக்கொண்டிருக்கும் பல்லின் எனாமலிலேயே தழும்பு விழலாம். விழுந்த பல்லோடு கணக்கு முடிந்துவிடுவதில்லை.

இந்தப் பயன் எதுவுமே இல்லையென்று வைத்துக்கொண்டாலும் கேள்வி அப்படியே நிற்கிறது. திருக்குறளின் அமைப்பிலேயே அதற்கு ஒரு குறிப்புக் கிடைக்கிறது. ‘நிலையாமை’ 34-ஆம் அதிகாரம். அது துறவறவியலில் இருக்கிறது. ‘மக்கட்பேறு’ 7-ஆம் அதிகாரம்; அது இல்லறவியலில். பிள்ளையின் மழலையையும் தொடுகையையும் பேசுகிற இடத்தில் வள்ளுவர் நிலையாமையை இழுத்து வரவில்லை. நிலையாமை என்பது ஒருவர் தம் உடம்பைப் பற்றி, தம் பொருளைப் பற்றித் தாமே கண்டுகொள்ள வேண்டிய உண்மை. மடியில் கிடக்கும் பிள்ளையின் உடம்பைப் பற்றிப் பெரியவர்கள் எடுக்கும் முடிவுக்கு அது சாக்காக முடியாது.

தம் உடம்பின் நிலையாமை என்ற இந்த உண்மையைக் கடைசி எல்லை வரை கொண்டுபோனவர்கள் திகம்பரச் சமணத் துறவிகள். அவர்களுடைய 28 மூல குணங்களில் பல் துலக்காமையும் ஒன்று, நீராடாமை இன்னொன்று. நாளுக்கு ஒரே வேளை, நின்றபடி, கையில் ஏந்தி உண்பவர்கள் அவர்கள். உடம்பின்மேல் உள்ள பற்றை அறுக்கும் வழியாகத் தாமே தெரிந்தெடுத்த நோன்பு அது. அதே சமணத்தின் இல்லறத்தாருக்கு இந்த விதி கிடையாது. துறவி தன் பல்லைத் துறக்கலாம். பிள்ளையின் பல்லைத் துறக்கும் உரிமை எந்தத் தகப்பனுக்கும் தாய்க்கும் இல்லை.

வலியைப் பற்றியும் பேசியாக வேண்டும். மூன்று வயதுப் பிள்ளைக்கு “நாளைக்குச் சரியாகிவிடும்” என்பது ஆறுதல் ஆகாது. பல்வலி வந்த இரவுதான் அதற்கு முழு உலகம். பல பிள்ளைகளுக்கு வலிக்கிறது என்று சொல்லவும் தெரியாது. ஒரு பக்கமாக மெல்லும், கெட்டியான சோற்றைத் துப்பும், தூக்கத்தில் சிணுங்கும். “சாப்பாட்டில் படுத்துகிறான்” என்று வீட்டில் சொல்வார்கள். 1867-இல் வடலூரில் தருமசாலையைத் தொடங்கிய வள்ளலார், பசி தீர்ப்பதை ஜீவகாருண்யத்தின் தலையாய செயலாக வைத்தார். வீடு நிறையச் சோறு இருந்தும் மெல்ல முடியாமல் பசித்திருக்கும் பிள்ளையும் அந்தக் கருணையின் எல்லைக்குள் வர வேண்டியதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கை, பால்பல் சொத்தையால் பாதிக்கப்பட்ட குழந்தைகள் உலகில் ஏறத்தாழ 51 கோடிப் பேர் என்கிறது.

சொத்தை எப்படி வருகிறது என்பது இன்று நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்ட வழிதான் மனசாட்சியை உறுத்துகிறது. ஸ்வீடனின் லுண்ட் நகரில் விபெஹோல்ம் என்ற காப்பகம் இருந்தது. மனவளர்ச்சி குன்றியவர்கள் அங்கே அடைக்கப்பட்டிருந்தார்கள். 1945-இல் தொடங்கிப் பத்தாண்டுகள், அவர்களில் 400-க்கும் மேற்பட்டோரை வைத்துப் பல் ஆய்வு நடந்தது. ஒரு கட்டத்தில், பல்லில் ஒட்டிக்கொள்ளும்படி தனியாகச் செய்யப்பட்ட டாஃபிகளைச் சிலருக்கு நாளுக்கு 24 வரை கொடுத்தார்கள். அந்த மனிதர்களின் பற்கள் அழிந்தன. யாரும் அவர்களிடம் சம்மதம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பலரால் மறுத்திருக்க முடியாது. 1954-இல் முடிவுகள் வெளிவந்தன. சர்க்கரையின் அளவைவிட, அது எத்தனை முறை வாய்க்குள் போகிறது, எவ்வளவு நேரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதே பெரிது. சாப்பாட்டோடு சேர்ந்த இனிப்பு செய்யும் கெடுதல் குறைவு. இடையிடையே சுவைக்கும் ஒட்டும் இனிப்பு பல்லைத் தின்றுவிடுகிறது. சனிக்கிழமை மட்டும் பிள்ளைகளுக்கு மிட்டாய் என்ற வழக்கம் பின்னர் ஸ்வீடனில் வேரூன்றியது.

மறுக்க முடியாதவர்களின் வாயிலிருந்து பிடுங்கிய அறிவு இது. செய்தது தவறு, தவறாகவே எழுதப்பட வேண்டும். ஆனால், தெரிந்துவிட்ட பிறகு தெரியாதது போல் இருப்பது அந்த மனிதர்களுக்கு இழைக்கும் இரண்டாவது அநீதி. மறுக்க முடியாத இன்னொருவர் நம் வீட்டுத் தொட்டிலிலேயே இருக்கிறார். வாயில் பால்புட்டியோடு தூங்க வைக்கப்படும் குழந்தை எதற்கும் சம்மதிக்கவில்லை. தூக்கத்தில் எச்சில் சுரப்பு வெகுவாகக் குறைந்துவிடும். இனிப்புக் கலந்த பால் மேல் முன்பற்களைச் சுற்றித் தேங்கி நிற்கும். வாயிலுள்ள கிருமிகள் அதை அமிலமாக்கும். கீழ் முன்பற்கள் நாக்கின் மறைவில் தப்பித்துக்கொள்ள, மேல் வரிசை கரைந்து போகும். பாட்டிமார் சொல்லும் ‘பூச்சி’ என்று தனியாக எதுவும் இல்லை.

இங்கே பழியெல்லாம் தாயின் தலையில் விழுவது பெரிய கொடுமை. சொத்தைக் கிருமி பெரியவர்களின் எச்சில் வழியாகக் குழந்தைக்குப் போகும் என்பது உண்மை. கரண்டியை ருசி பார்த்துவிட்டு ஊட்டுகிற தாத்தாவிடமிருந்தும் அது போகும். பகலெல்லாம் உழைத்துவிட்டு இரவு மூன்று மணிக்குப் பால்புட்டியை எடுத்துக் கொடுக்கும் பெண்ணிடம் வினைப்பயன் பேசுவதைவிட, அந்த வேளையில் தகப்பன் எழுந்து குழந்தையைத் தோளில் போட்டுக்கொள்வதே அறம்.

இனிப்பு நம்மிடம் அன்பின் மொழி; பக்தியின் மொழியும்கூட. பிறந்த குழந்தையின் நாக்கில் சேனை தொட்டு வைப்பதில் தொடங்கி, பழனிக்கு மொட்டை போடப் போகும்போது கையில் விழும் பஞ்சாமிர்தம் வரை அது தொடர்கிறது. (ஒரு வயதுக்குள் தேன் கொடுக்கக் கூடாது என்று மருத்துவர்கள் எச்சரிப்பது பல்லுக்காக அல்ல, தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி கைக்குழந்தையின் நரம்புகளைத் தாக்கக்கூடும் என்பதற்காக.) பிரசாதத்தைச் சொத்தைக்குக் காரணமாக்க வேண்டியதில்லை. சன்னிதியில் ஒரு முறை வாங்கி, உண்டு, வாய் கொப்பளித்துவிடுவது ஒன்று. அழுகையை அடக்க மணிக்கொரு தரம் பிஸ்கட்டைத் திணிப்பது வேறு. முதலாவதில் நேரமும் வரம்பும் உண்டு. விரதத்துக்கும் நைவேத்தியத்துக்கும் காலம் குறித்த மரபுக்கு இந்த வேறுபாடு புதியதல்ல.

வாய்த் தூய்மையை வழிபாட்டோடு சேர்த்த மரபும் இதுதான். காலையில் பல்குச்சி மென்று, கண் கழுவி, அதன் பிறகே தெய்வத்தைத் தொழச் சொல்கிறது ஆசாரக்கோவை. பௌத்த விநயம் துறவிகளுக்குப் பல்குச்சியை அனுமதித்து அதன் நன்மைகளை எண்ணிச் சொல்கிறது. இஸ்லாத்தில் தொழுகைக்கு முன் மிஸ்வாக் செய்வது விரும்பத்தக்க வழக்கம். ஆனால் குழந்தைக்கு முக்கியமான வேளை இரவு. துலக்க வேண்டிய கை பெரியவருடையது. ஏழெட்டு வயது வரை பிள்ளையால் தானாகச் சரியாகத் துலக்க முடியாது. மூன்று வயது வரை ஓர் அரிசியளவு ஃபுளோரைடு பேஸ்ட், பிறகு ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவு. தருமபுரி, கிருஷ்ணகிரி போலக் குடிநீரிலேயே ஃபுளோரைடு மிகுந்த பகுதிகளில் மருத்துவரைக் கேட்டே எதையும் தொடங்க வேண்டும். முதல் பிறந்தநாளுக்குள் ஒருமுறை பல்லைக் காட்டிவிடுவது நல்லது. வலிக்காத நாளில் போனால் அந்த நாற்காலி பிள்ளைக்குப் பயமாக இருக்காது.

இரவில் வெளிச்சமான இடத்தில் இரண்டு பெரியவர்கள் முழங்காலோடு முழங்கால் சேர்த்து எதிரெதிரே உட்காரலாம். குழந்தையின் தலை ஒருவர் மடியில், கால்கள் இன்னொருவர் பக்கம். விரலால் மேலுதட்டைத் தூக்கினால் முன்பற்கள் ஈறைத் தொடும் இடம் தெரியும். அங்கே சுண்ணாம்பு போல ஒரு வெள்ளைக் கோடு ஓடினால் சொத்தை தொடங்கியிருக்கலாம். குழி இன்னும் விழவில்லை. இரவுப் பால்புட்டியை நிறுத்தி, ஃபுளோரைடு பூசி, துலக்கிவந்தால் அந்தக் கோடு அங்கேயே நின்றுவிடக்கூடும்.