காய், இலை, மரபணு: அறிவுக்கடன் குறித்த ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

மருந்துச் செடியொன்றில் பயன்தரும் வேதிப்பொருளை ஆக்கும் மரபணுவைக் கண்டறிந்தபின், அச்செடியை முதலில் சுட்டிக்காட்டியோர்க்கு ஆய்வுலகம் பட்ட கடன் தீர்ந்துவிடுகிறதா என்னும் வினாவை, ஆரோக்கியப்பச்சையின் வரலாற்றைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

மூன்று படிநிலைகள்

கேரளத்தின் அகத்தியமலைப் பகுதியில் 1987இல் களப்பணி மேற்கொண்ட அறிவியலாளர், வழிகாட்டிகளாக வந்த காணிக்காரர் ஒரு செடியின் காயைத் தின்று களைப்பின்றி நடப்பதைக் கண்டனர். அதுவே ஆரோக்கியப்பச்சை. பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் அதன் இலையையும் வேறு சில மூலிகைகளையும் கொண்டு 'ஜீவனி' என்னும் மருந்தை உருவாக்கியது. 1995இல் அதனை ஆக்கும் உரிமை கோயம்புத்தூர் நிறுவனம் ஒன்றிற்கு அளிக்கப்பட்டது. உரிமக் கட்டணத்திலும் விற்பனைப் பங்கிலும் பாதி காணிக்காரர்க்கு என முடிவாயிற்று. அவர்தம் அறக்கட்டளை 1997இல் பதிவுபெற்றது. 2019இல் இச்செடியின் மரபணுத்தொகுதி வெளியிடப்பட்டு, மருத்துவப் பயனுள்ள பொருள்களோடு தொடர்புடைய மரபணுக்கள் இனங்காணப்பட்டன.

கடன் எதன்பொருட்டு?

காணிக்காரர் தின்றது காய், மருந்தானது இலை, தரவுத்தளத்தில் உள்ளதோ எழுத்துவரிசை. ஆர்ட்டிமீசியா செடியின் மரபணுக்களை ஈஸ்டில் செலுத்தி, மலேரியா மருந்தின் முன்னோடிப் பொருளைப் பெறலாம் என 2006இல் காட்டப்பட்டது. அவ்வாறே பிற செடிகளின் பொருள்களும் ஆக்கப்படுமாயின் காட்டிற்குச் செல்லும் தேவையே இராது. கடன் இலைக்குரியது எனின், இலை வேண்டாதபோது கடனும் இல்லையாகும். ஆனால் காணிக்காரர் தந்தது இலையன்று. எண்ணற்ற செடிகளுள் எதனை ஆராய வேண்டும் என்னும் அறிவு. அவ்வறிவு மரபணு ஆய்விலும் தொடக்கப்புள்ளியாகவே நிற்கிறது. ஆய்வாளரின் உழைப்பு அவருக்குரிய பங்கை உறுதிசெய்யுமேயன்றிப் பிறர் பங்கை அழிக்காது.

காணி மருத்துவர் சிலர், இவ்வறிவு வெளியார்க்கு உரைக்கத்தக்கதன்று என அந்நாளிலேயே மறுத்தனர் என்பதும் கருதத்தக்கது. எனவே கடன் என்பது பணம் மட்டுமன்று. கேட்டு இசைவு பெறுதலும் அதனுள் அடங்கும். எழுத்துவரிசையைப் பதிவிறக்குவோர் எவரிடமும் கேட்பதில்லை.

முடிவுரை

மரபணுத் தகவலின் பயனைப் பகிர்வதற்கென 2025இல் தொடங்கப்பட்ட காலி நிதியம், குறைந்தது பாதியைப் பழங்குடியினர்க்கும் உள்ளூர்ச் சமூகத்தினர்க்கும் ஒதுக்க எண்ணுகிறது. எனினும் நிறுவனங்கள் அதற்கு வழங்குவது அவற்றின் விருப்பத்தைப் பொறுத்ததே. செய்ந்நன்றி அறிதலைத் தனி அதிகாரமாக வகுத்த வள்ளுவர், உதவியைப் பொருளின் அளவால் அளந்தாரல்லர். அவ்வளவுகோலின்படி, செடி எழுத்தாக மாறினும் கடன் மாறுவதில்லை என்பது பெறப்படும்.