பல வழி, ஒரே இணைப்பு

ஒரே இணைப்பின் தரவு பல பாதைகளில் பிரிந்து போகும்போது, அந்த 'ஒன்று' எங்கே இருக்கிறது? பாதைகளிலா, அவற்றின் தொகுப்பிலா, வேறெங்காவதா? பிணைய மேலாண்மைக்கு இது புதுக் கேள்வி. இந்தியத் தத்துவத்துக்கு மிகப் பழையது.

ஓசூர் சிப்காட்டில் ஓர் உதிரிபாகப் பட்டறை, பெங்களூரு வாடிக்கையாளருக்குப் பெரிய வரைபடக் கோப்பு ஒன்றை அனுப்புகிறது என்று கொள்வோம். பிராட்பேண்ட் வேகம் போதவில்லை. கணினியில் சிம் மோடமும் உண்டு. எல்லையோரம் என்பதால் அது ஒரு நேரம் தமிழ்நாட்டு டவரையும் மறுநேரம் கர்நாடக டவரையும் பிடிக்கலாம். இணையத்தில் தரவைக் கொண்டுசெல்லும் நெறிமுறையான சாதாரண டிசிபியின் இணைப்புக்கு இரு முனைகளின் ஐபி முகவரியும் போர்ட் எண்ணுமே அடையாளம். முகவரி மாறினால் இணைப்பு அறுந்துவிடும். அங்கே 'ஒன்று' என்பது பாதையோடு கட்டப்பட்டது.

ஒரே இணைப்பைப் பல பாதைகளில் செலுத்தும் மல்டிபாத் டிசிபி இந்தக் கட்டை அவிழ்த்தது. 2013-இல் சோதனை நிலையில் வெளியாகி, 2020-இல் முன்மொழியப்பட்ட தரநிலையானது. முதல் சந்திப்பிலேயே இரு முனைகளும் சாவிகளைப் பரிமாறிக்கொள்கின்றன. பின்னால் சேரும் பாதை அந்தச் சாவியை அறிந்திருப்பதை நிரூபித்தே உள்ளே வரும். ஒவ்வொரு பாதைக்கும் தனி வரிசை எண். அதற்கு மேல் முழுத் தரவுக்கும் ஒரே வரிசை எண். ஒரே பில்லுக்கான பெட்டிகள் அத்திப்பள்ளி வழியாக ஒரு லாரியிலும், பாகலூர், சர்ஜாபூர் வழியாக இன்னொன்றிலும் போவது போல. இரண்டாம் பெட்டி வரும்வரை மூன்றாம் பெட்டி முற்றத்தில் காத்துக் கிடக்கும். ஆகவே மிக மெதுவான பாதையைச் சேர்ப்பது சில வேளை வேகத்தைக் கூட்டாது, குறைக்கவே செய்யும்.

இந்தியத் தத்துவத்தில் நியாய, வைசேடிக தரிசனங்கள் முழுமையை 'அவயவி' என்கின்றன: உறுப்புகளில் உறைந்திருந்தும் உறுப்புகளின் வெறும் கூட்டம் அல்லாத தனிப் பொருள். பௌத்தம் இதை மறுக்கிறது. மன்னன் மிலிந்தனிடம் பௌத்தத் துறவி நாகசேனர் தேரைக் காட்டிக் கேட்டதும் இதைத்தான்: அச்சும் சக்கரமும் நுகமும் தேரல்ல என்றால் தேர் எது? அது உறுப்புகளைச் சார்ந்து வழங்கும் பெயர் மட்டுமே.

மல்டிபாத் டிசிபியின் ஒரு விதி இந்த வழக்கைக் கூர்மையாக்குகிறது. எல்லாப் பாதைகளும் அறுந்தபின்னும் இணைப்பு சிறிது நேரம் உயிரோடிருக்கலாம். புதிய பாதை கிடைத்ததும் விட்ட எண்ணிலிருந்து தொடரலாம். பாதைகளே உறுப்புகள் என்றால், உறுப்பு ஒன்றுகூட இல்லாத அவயவியை நியாயத்தால் விளக்க முடியாது. தேர் உவமையும் தடுமாறும்: பெயர் சூட்ட அங்கே தேர்த்துண்டு எதுவும் இல்லை. ஆனால் பௌத்தத்திடமே இன்னொரு விடை இருக்கிறது. அது 'சந்தானம்', கணத்துக்குக் கணம் காரண காரியமாக நீளும் தொடர்ச்சி. இரு முனைகளின் நினைவில் சாவியும் வரிசை எண்ணும் கணந்தோறும் அப்படித்தான் நீள்கின்றன. இந்த விளக்கமே பொருந்துகிறது. இரண்டு லைனும் நன்றாக இருக்கும்போதே ஒரு முனைக் கணினி அணைந்து சாவி அழிந்தால், அந்த இணைப்பு முடிந்தது. அதே கணினிகளுக்கிடையே மறுபடி தொடங்குவது வேறோர் இணைப்பு.